நாட்டுக் கலைச் செல்வம்

திருவிழாக் கடையிலே சிறுவன் ஒருவன் மண்ணாற் செய்த குதிரையொன்றை வாங்குகின்றான். சில நாள் அதனோடு விளையாடி மகிழ்கின்றான். ஒரு நாள் குதிரையின் கால் ஒடிகின்றது. மற்றொரு நாள் கழுத்து முறிகின்றது. பின்னர் அது குப்பைமேட்டை அடைகின்றது. அதே வீட்டில் பொன்னாற் செய்த அணியொன்று இருப்பின், அது பேழையுள் வைத்துப் பூட்டப்பெற்றுத் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்படும். பொன் விலை மிக்கது. மண் விலை குறைந்தது. ஆதலின் உலகத்தார் பொன்னைப் போற்றுகின்றனர், மண்ணை மறக்கின்றனர். ஆயினும், அக்குதிரையை வனைந்த கையின் திறன் பொற்கொல்லனின் கைத்திறனுக்குக் குறைந்ததோ? இவ்வினாவைத் தம் உள்ளத்தே எழுப்பி, அதற்கு விடை காண்பதிலே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட பெருமக்கள் சிலர் உளர். அவர்கள் நாட்டுக் கலைப் பொருள்களைத் தேடித் திரட்டிய செல்வர் ஆவர்.

நாட்டுக் கலை என்பது யாது? அரசரும் செல்வரும் ஆதரிக்க, கலைப்பயிற்சி மிக்கோர் இயற்றும் சிற்பமும் ஓவியமும் ஒரு வகை. உழவரும், குயவரும், தச்சரும், நெசவரும், இல்லத்துப் பெண்டிரும் தம் தேவைக்காகவும், வழிபாட்டிற்காகவும், குழந்தைகளின் மகிழ்ச்சிக்காகவும் செய்யும் பொருள்கள் மற்றொரு வகை. இவ்விரண்டாம் வகையையே நாட்டுக் கலை என்கின்றோம். அதற்குச் சில இயல்புகள் உண்டு. கைக்கு எட்டிய பொருளே அதற்கு மூலப்பொருள். மண், மரம், வைக்கோல், காகிதம், கிழிந்த துணி ஆகிய எதுவும் அதற்கு ஆகும். அதனைக் கற்பிக்கத் தனிப்பள்ளி இல்லை. தாயிடம் மகளும், தந்தையிடம் மகனும் கண்டு கற்பர். செய்தவர் தம் பெயரைப் பொருளின்மீது பொறிப்பதும் அரிது.

வங்காள நாட்டுப் பெண்டிர் இயற்றும் காந்தா என்னும் தையல் வேலையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். உடுத்து நைந்த சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பழஞ்சேலையின் கரையிலிருந்தே வண்ண நூலை உருவி எடுத்து, தாமரையும் யானையும் தேரும் விளங்கத் தைப்பர். எறியத்தக்க கந்தல், குழந்தையைப் போர்த்தும் அழகிய போர்வையாக மாறிவிடும். வறுமையிலும் அழகை விடாத உள்ளத்தின் வெற்றி அது.

இவ்வகைப் பொருள்கள் நெடுநாள் நிற்பன அல்ல. சில நில்லாமைக்கென்றே செய்யப்பட்டன. போலந்து நாட்டுச் சிற்றூர்களில், செம்மறியாட்டின் மயிரைக் கத்தரிக்கும் பெரிய கத்தரிக்கோலாலேயே வண்ணக் காகிதத்தைச் சேவலாகவும் மலராகவும் வெட்டுவர். இளவேனிற் காலத்துப் பெருவிழாவிற்கு முன், வீட்டுச் சுவர்க்கு வெள்ளையடித்து, அக்காகித உருவங்களை ஒட்டி அழகு செய்வர். அடுத்த ஆண்டு பழையன கழிந்து புதியன வரும். மெக்சிகோ நாட்டிலோ, இயேசு பெருமானைக் காட்டிக்கொடுத்த யூதாசின் உருவத்தைக் காகிதத்தாலும் பசையாலும் பெரிதாகச் செய்து, வண்ணந் தீட்டி, வெடிகளைக் கட்டி, உயிர்த்தெழுந்த திருநாளுக்கு முந்திய நாளில் தெருவிலே கொளுத்துவர். பல நாள் உழைப்பு ஒரு நொடியில் சாம்பலாகும். கொளுத்துவதற்கென்றே செய்த அவ்வுருவத்திலும் கைவினைஞன் தன் திறமையைக் குறைத்துக் காட்டுவதில்லை. புகழ்பெற்ற மெக்சிகோ ஓவியர் தியேகோ ரிவேரா அத்தகைய உருவங்களை எரியவிடாது தம் ஓவியக்கூடத்தில் வைத்துப் போற்றினார். ஒருவர் விரும்பி எடுத்து வைத்தாலன்றி, இத்தகைய பொருள்கள் பின்னோர் கண்ணிற்குக் கிடைப்பது அரிது.

அவ்வாறு எடுத்து வைத்தவர்களுள் முதன்மையாக எண்ணத்தக்கவர் அலெக்சாண்டர் கிரார்டு என்பவர். அவர் 1907-ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரில் பிறந்தார்; இத்தாலி நாட்டுப் புளோரன்சு நகரில் வளர்ந்தார். அந்நாட்டில் கிறித்து பிறந்த திருநாளின்போது, குழந்தை இயேசு, அன்னை மரியாள், ஆயர்கள், ஆடுமாடுகள் ஆகியோரின் சிறு உருவங்களை வீடுகளில் அழகுற அடுக்கி வைப்பது வழக்கம். நவராத்திரிக் காலத்தில் நம் இல்லங்களில் கொலு வைப்பதை ஒத்தது அது. அவ்வுருவங்களைக் கண்டு கண்டு சிறுவன் கிரார்டின் உள்ளம் களித்தது. பின்னர் இங்கிலாந்து நாட்டில் விடுதிப் பள்ளியொன்றிற் பயிலுங்கால், அவர் தம் கற்பனையிலே ஒரு நாட்டைப் படைத்தார். அதற்குப் பைபுக் குடியரசு எனப் பெயரிட்டார். அதற்கெனக் கொடியும், நாணயமும், நிலப்படமும், தனி மொழியுங்கூட வகுத்தார். விளையாட்டாகத் தொடங்கிய இப்பழக்கம் பிற்காலத்தில் அவருடைய வாழ்வின் பெரும்பணிக்கு வித்தாயிற்று.

கிரார்டு கட்டடக் கலை பயின்று, அமெரிக்காவிற் குடியேறி, துணிகளுக்கும் அறைகலன்களுக்கும் வடிவம் அமைப்பதிற் பெரும்புகழ் எய்தினார். 1936-ஆம் ஆண்டில் சூசன் என்னும் நங்கையை மணந்தார். சில ஆண்டுகளில் கணவனும் மனைவியுமாக மெக்சிகோ நாட்டிற்குச் சென்றனர். அங்குள்ள சந்தைகளில் மண் பொம்மைகளும், தகர விளக்குகளும், மரத்தாற் செய்த முகமூடிகளும் குவிந்து கிடந்தன. விலையோ மிகக் குறைவு. ஊரார் அவற்றை நாள்தோறும் காண்பவராதலின் வியப்பின்றிக் கடந்து சென்றனர். கிரார்டு நின்றார், ஒவ்வொன்றையும் கையிலெடுத்துப் பார்த்தார், விலை கொடுத்துப் பெற்றார். அன்று பெருகிய ஆர்வம் அவர் வாழ்நாள் முழுதும் தணியவில்லை. செல்லும் நாடெல்லாம் அவர் சந்தைகளைத் தேடினார்.

பெரு நாட்டு மலைப்பகுதியில் கினுவா என்றோர் ஊர் உண்டு. அங்கே புதுவீடு கட்டி முடித்தவுடன் உறவினர் மண்ணாற் செய்த சிறு கோயிலொன்றைக் கொணர்ந்து கூரையின் உச்சியில் வைப்பர். அது வீட்டைக் காக்கும் என்பது அவர் நம்பிக்கை. நெட்டுயர்ந்த கோபுரங்களையும் சிறு கதவுகளையும் உடைய அக்கோயில்கள் காண்போர் உள்ளத்தைக் கவர்வன. உறவினரின் அன்பும், வீட்டாரின் அச்சமும் நம்பிக்கையும், குயவரின் கைத்திறனும் ஆகிய அனைத்தும் அவ்வொரு பிடி மண்ணில் அடங்கிக் கிடக்கின்றன. ஒரு நாட்டின் அரசியல் வரலாற்றை நூல்களிற் கற்கலாம். அந்நாட்டு எளிய மக்கள் எதற்கு அஞ்சினர், எதனை நேசித்தனர், எதனைக் கண்டு நகைத்தனர் என்பவற்றை அறிய இத்தகைய பொருள்களே பெருந்துணை செய்யும்.

இந்திய நாட்டுக் கைவினையிலும் கிரார்டு பெருமதிப்புக் கொண்டிருந்தார். 1955-ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரின் தற்காலக் கலைக் காட்சிச்சாலையில் இந்தியத் துணிகளுக்கும் அணிகலன்களுக்கும் சிறப்புக் காட்சியொன்று அமைந்தது. அதனை வகுத்தவர் கிரார்டே. கண்ணாடிப் பெட்டிகளுள் துணிகளை மடித்து வைத்துக் காட்டுவதை அவர் விரும்பவில்லை. கற்பனையாக ஒரு கடைவீதியை அமைத்தார்; நடுவே நீர்நிலையொன்றை வகுத்தார்; அதன்மேல் பல வண்ணச் சேலைகளைத் தொங்கவிட்டார். நீரில் அவற்றின் நிழல் அசைந்தாடிற்று. கடல் கடந்த நாட்டு மக்கள் இந்திய நெசவாளரின் ஆற்றலைக் கண்டு வியந்தனர்.

கிரார்டும் சூசனும் தேடிய பொருள்கள் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளைச் சார்ந்தவை. எண்ணிக்கையில் ஓர் இலக்கத்தைக் கடந்தவை. இத்துணைப் பெருஞ்செல்வத்தை அவர்கள் என்ன செய்தனர்? விற்றனரோ? பூட்டி வைத்தனரோ? இல்லை. அமெரிக்க நாட்டின் நியூ மெக்சிகோ மாநிலத்தைச் சேர்ந்த சாந்தாபே நகரில் உலக நாட்டுக் கலைக் காட்சிச்சாலை ஒன்று உளது. புளோரன்சு பார்ட்லெட்டு என்னும் பெருமாட்டியார் தாம் பல நாடுகளில் திரட்டிய கலைப்பொருள்களையும் கட்டடத்தையும் மக்களுக்கு அளிக்க, 1953-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது அது. கைவினைஞரின் கலை உலக மக்களைப் பிணைக்கும் கயிறு என்பது அப்பெருமாட்டியாரின் கொள்கை. கிரார்டு குடும்பத்தார் சாந்தாபே நகரிற் குடியேறியதும் அதே ஆண்டிலேயாம். 1978-ஆம் ஆண்டில் அவர்கள் தம் தொகுப்பை அக்காட்சிச்சாலைக்கு நன்கொடையாக ஈந்தனர். அதற்கெனக் கட்டப்பெற்ற தனிப்பகுதி 1982-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது.

அப்பகுதியிற் காட்சிக்கு வைக்கப்பட்ட பொருள்கள் ஏறத்தாழப் பதினாயிரம். அவற்றைக் கிரார்டே தம் கையால் ஒழுங்கு செய்தார். பொம்மைகளை வரிசையாக நிறுத்தாமல், ஊராகவும் சந்தையாகவும் ஊர்வலமாகவும் அமைத்தார். சிறு வீடுகளின் நடுவே சிறு மனிதர் நடக்கின்றனர். வணிகர் பண்டங்களைப் பரப்பி அமர்ந்திருக்கின்றனர். ஓரிடத்தில் விண்ணகமும் நரகமும் தோன்றுகின்றன. பொருள்களின் அருகே பெயர் எழுதிய சீட்டு எதுவும் இல்லை. விவரம் வேண்டுவோர் கையேட்டைப் பார்த்துக்கொள்ளலாம். முதலிற் கண்ணாற் கண்டு மகிழ வேண்டும். அதன்பின் நாடும் பெயரும் அறியலாம் என்பது அவர் கருத்து. பல நாட்டுப் பொருள்களும் அருகருகே இருத்தலின், காண்போர்க்கு ஓர் உண்மை விளங்கும். எந்நாட்டுத் தாயும் குழந்தையை அணைத்தே நிற்கின்றாள். எந்நாட்டுச் சிறுவனும் விலங்கு பொம்மையை விரும்புகின்றான். எந்நாட்டு மக்களும் விழாக் கொண்டாடுகின்றனர். உலகமெல்லாம் ஓர் ஊரே என்னும் பொருள்பட இத்தாலி நாட்டில் வழங்கும் பழமொழியைக் கிரார்டு பெரிதும் விரும்பினார். இக்கருத்து, தமிழருக்குப் புதிதன்று. கணியன் பூங்குன்றனார் முன்னமே பாடியதும் இதுவன்றோ! கிரார்டு 1993-ஆம் ஆண்டின் இறுதி நாளன்று மறைந்தார்.

அயல்நாடுகளுக்குச் சென்றால்தான் இப்பணி இயலும் என்பதில்லை. வங்காளத்தைச் சார்ந்த குருசதய தத்தர் அரசாங்கத்தின் உயர் அலுவலராக விளங்கியவர். அலுவலின் பொருட்டு ஊர் ஊராகச் செல்லுங்கால், அவர் காந்தாத் துணிகளையும், கதைகூறும் ஓவியச் சுருள்களையும், மண் பொம்மைகளையும், மரச் சிற்பங்களையும் கண்டு தேடித் தொகுத்தார். நகரத்துக் கற்றோர் இவற்றை இழிவாகக் கருதிய காலம் அது. 1941-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவர் தொகுத்த பொருள்களைக் கொண்டு கல்கத்தா நகரை அடுத்த சோகாவில் 1963-ஆம் ஆண்டிலே காட்சிச்சாலை திறக்கப்பெற்றது. வண்டியேறிச் சென்ற வழியிலேயே அவர் தம் நாட்டின் செல்வத்தைக் கண்டுகொண்டார்.

இனி, கலைப்பொருளைத் திரட்டுவது எப்பொழுதும் நற்செயலாகுமா என்று ஆராய்தல் வேண்டும். தேனைப் பெற விரும்பி, கூட்டையே அழிப்பாரும் உளர். கெனியா நாட்டின் கடற்கரைப் பகுதியில் மிசிகெண்டா என்னும் மக்கள் வாழ்கின்றனர். தம் குலத்தில் மதிப்பு மிக்க பெரியோர் இறந்தால், அவர் நினைவாக மரத்திற் செதுக்கிய உயர்ந்த தூணை நாட்டுவர். அதற்கு விகாங்கோ என்று பெயர். நட்ட தூணை இடம் பெயர்க்கலாகாது. பெயர்த்தால் குடும்பத்திற்குத் தீங்கு நேரும் என்று அவர்கள் நம்புவர். நம் முன்னோர் வீரர்க்கு நடுகல் நட்டதனை இது நினைவூட்டும். இத்தூண்களின் வடிவழகு அயல்நாட்டாரைக் கவர்ந்தது. விலை கொடுப்பார் இருந்தமையால் களவாடுவாரும் தோன்றினர். இரவோடிரவாகத் தூண்கள் பெயர்க்கப்பட்டுக் கடைகளில் விற்கப்பட்டன.

1985-ஆம் ஆண்டில், மக்களின் வழக்கங்களை ஆராயும் பெண்மணி ஒருவர், இரு தூண்களின் அருகே முதியவர் ஒருவர் நிற்கும் நிலையில் ஒளிப்படம் எடுத்தார். அத்தூண்கள் அம்முதியவர் தம் உடன்பிறந்தார் நினைவாக நாட்டியவை. சில காலத்தில் அவ்விரண்டும் களவு போயின. பல ஆண்டுகட்குப் பின்னர், அவை அமெரிக்காவிலே இரு வேறு காட்சிச்சாலைகளில் இருத்தல் தெரிய வந்தது. அந்த ஒளிப்படமே சான்றாயிற்று. 2007-ஆம் ஆண்டில் அவை கெனியா நாட்டுச் சிற்றூருக்குத் திரும்பின. ஆயினும், அவற்றை இழந்து வருந்திய முதியவர் அந்நாளைக் காண உயிரோடு இல்லை. காட்சிச்சாலையில் நின்றபோது அவை அழகிய மரச்சிற்பங்கள். ஊரில் நின்றபோது அவை உடன்பிறந்தாரின் நினைவு. இவ்வேறுபாட்டை உணராதவர் எத்துணைப் பொருள் திரட்டினும் கலையை அறிந்தவர் ஆகார்.

ஆதலின், திரட்டுவோர் கடைப்பிடிக்க வேண்டிய நெறிகள் சில உள. விற்பவர்க்கு அப்பொருளை விற்க உரிமை உண்டா என்பதனை முதற்கண் ஆராய்தல் வேண்டும். கோயிலினின்றும் இடுகாட்டினின்றும் பெயர்த்த பொருளை எக்காரணம் பற்றியும் வாங்கலாகாது. இந்திய நாட்டில் நூறாண்டுக்கு மேற்பட்ட சிற்பம், ஓவியம், கைவினைப் பொருள் முதலியவற்றைத் தனியார் வெளிநாட்டிற்கு அனுப்புதல் 1972-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற தொல்பொருட் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. இரண்டாவதாக, வாங்கிய பொருளைப் பற்றிக் குறிப்பு எழுதி வைத்தல் வேண்டும். எந்த ஊர், யார் செய்தது, எதனாற் செய்தது, எவ்விழாவிற்குப் பயன்பட்டது என்பவற்றை அன்றே எழுதாவிடின், பிறகு கேட்டறிய ஆள் இராது. குறிப்பில்லாப் பொருள் ஊமை போன்றது. அழகு காட்டும், கதை கூறாது.

மூன்றாவதாக, பொருளை அதன் பழமை கெடாது காத்தல் வேண்டும். புதுமெருகு ஏற்றுவதாக எண்ணிப் பழைய வண்ணத்தைத் தேய்த்துக் கழுவுவாரும், மேலே புதுவண்ணம் பூசுவாரும் உளர். அவ்வாறு செய்தலால் பொருளின் வரலாறே அழிந்துபோகும். வெயில் துணியின் நிறத்தைக் கொல்லும். ஈரம் காகிதத்தைப் பூஞ்சைக்கு இரையாக்கும். செல்லும் வண்டும் மரத்தை உண்ணும். இவற்றினின்று காத்தலே திரட்டியவரின் கடமை. இறுதியாக, பழம்பொருளைப் போற்றுவோர், அக்கலையை இன்றும் செய்து வாழும் கைவினைஞரை மறத்தல் ஆகாது. மெக்சிகோ நகரில் யூதாசு உருவங்களைச் செய்து பிழைத்த பெதுரோ இலினாரசு என்பவர், தாம் நோயுற்றிருந்தபோது கனவிற் கண்ட விந்தை விலங்குகளைக் காகிதத்தால் இயற்றினார். சிறகும் கொம்பும் கலந்த அவ்வுருவங்கள் அவருக்கு உலகப்புகழ் தேடித் தந்தன. 1990-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கத்தின் உயர்ந்த பரிசும் அவருக்குக் கிடைத்தது. தெருவில் எரிவதற்கு உருவம் செய்த கையை நாடே வணங்கியது. அக்கையை ஆதரித்தோர் இல்லையேல் அக்கலையும் எரிந்தே போயிருக்கும்.

கலைப்பொருளைத் தம்முடையது என்று எண்ணுவோர் அதன் உரிமையாளர். பின்னோர்க்கு உரியது என்று எண்ணுவோர் அதன் காவலர். கிரார்டும் பார்ட்லெட்டு அம்மையாரும் குருசதய தத்தரும் காவலராய் வாழ்ந்தமையாலேயே, பெயர் தெரியாத பல்லாயிரம் கைவினைஞரின் உழைப்பு இன்றும் நிலைத்து நிற்கின்றது. மாணவர்களும் இப்பணியைத் தம் இல்லத்திலேயே தொடங்கலாம். பாட்டியின் பழம்பெட்டியில் ஒரு மரப்பாச்சி கிடக்கலாம்; பரண்மேல் ஓர் ஓலைப்பெட்டி தூசி படிந்து இருக்கலாம். அதனை எடுத்துத் துடைத்து, அது வந்த ஊரையும் செய்தவரையும் பாட்டியிடம் இன்றே கேட்டு எழுதி வைத்தல் நன்று. பொருள் இன்னும் பல்லாண்டு இருக்கும். அதன் கதையை அறிந்தவர் என்றும் இரார்.

பயிற்சி

வினாக்கள்:
1. நாட்டுக் கலையின் இயல்புகள் யாவை?
2. கிரார்டின் இளமைப் பழக்கங்கள் அவருடைய பிற்காலப் பணிக்கு எவ்வாறு வித்தாயின?
3. காட்சிப் பொருள்களின் அருகே பெயர்ச்சீட்டு வைக்காமைக்குக் காரணம் என்ன?
4. விகாங்கோத் தூண்களின் வரலாறு கலைப்பொருள் திரட்டுவோர்க்கு உணர்த்தும் நீதி யாது?
5. உரிமையாளருக்கும் காவலருக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.

கட்டுரைப் பயிற்சி:
உங்கள் இல்லத்தில் உள்ள பழங்கைவினைப் பொருள் ஒன்றைப் பற்றி, பெரியோரைக் கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் எழுதுக.

மொழிப் பயிற்சி:
பின்வரும் சொற்றொடர்களைச் சொந்த வாக்கியத்தில் அமைத்து எழுதுக: தலைமுறை தலைமுறையாக, கண்டு கண்டு, இரவோடிரவாக, வித்தாயிற்று.